ஆறு பிள்ளைக்காரி

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பிரான்சில், லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நாலாம் மாடியில் என் கதவுக்கு எதிர்க் கதவு அவளுடையது. சோமாலியாவிலிருந்து வந்தவள். கீழே தபால்பெட்டிக்கு முன்னால் நின்று கதைக்கிறவர்கள், ஐந்தாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்குகிறவர்கள், கடையில் வெங்காயம் நிறுக்கிறவர்கள் எல்லாருக்கும் அவள் ஆறு பிள்ளைக்காரி. அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை, என் காரணம் வேறு.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இனி அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, அன்றைக்கு வந்த கோபம் அப்படியே இருக்கிறது.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் கோடை தொடங்கியதிலிருந்து எங்கள் கட்டடத்தின் மேல் மாடிகளுக்குக் காலையில் தண்ணீர் வரவில்லை. குழாயைத் திறந்தால் ஒரு இருமல், பிறகு நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. என் கணவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து தூங்குவார். நான் ஒரு அலுவலகத்தைத் துப்புரவு செய்ய விடியமுன் போய், மகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குத் திரும்பி வருவேன். வந்து முகம் கழுவத் தண்ணீர் இல்லையென்றால் யாருக்குக் கோபம் வராது? எனக்கும் வந்தது. கோபத்தை யார் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவது என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் வழி பிரிந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு புதுச்சேரிக்காரர் சொந்த வீடு வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை மெசியே, ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும்போது கோட்டில் பதக்கம் குத்தியிருப்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பலருக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவர். அந்த நன்றியால்தான் அவர் எது சொன்னாலும் நாங்கள் தலையாட்டினோம். வீட்டுக்காரர் சங்கத்தில் அவருக்கு ஒரு பதவியும் இருந்தது. தண்ணீர் முறைப்பாடு அவரிடம்தான் போனது.

ஒரு சனிக்கிழமை மாலை படிக்கட்டின் அடியில் எங்களையெல்லாம் கூட்டினார். சோமாலியாக்காரியும் வந்தாள். யாரோ கதவைத் தட்டி ஏதோ சொன்னார்கள் என்று, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து ஒரு பக்கமாக நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பிரெஞ்சும் நாலைந்து சொல்தான். அந்தத் துணிவில் எல்லாரும் தமிழில் தொடங்கினார்கள்.

"நான் சோமாலியாவுக்குப் பக்கத்துல, ஜிபூத்தில மூணு வருஷம் சர்வீஸ் பண்ணவன். இந்த ஜனங்கள எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் மெசியே. "பெத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு ரூமு, ஆறு புள்ள. ஆறு புள்ளையும் குளிக்கணும், துணி துவைக்கணும். அப்புறம் தண்ணி எங்கேந்து வரும்?"

ஐந்தாம் மாடியில் ஒரே அறையில், எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த ஒன்பது தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணை. அவர் உடனே பேச்சைத் தொடர்ந்தார்.

"உண்மைதான் மெசியே. வருஷத்துக்கு ஒண்டு போட்டிருக்கிறாள். பாருங்கோ, படிக்கட்டு மாதிரி நிக்குதுகள். நிப்பாட்டத் தெரியாத சனம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும், ஏதோ நல்ல விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்து, மரியாதைக்குச் சிரித்தாள்.

ஒன்பது பேர்! தபால்பெட்டியில் இரண்டு பெயர், உள்ளே ஒன்பது உடம்பு. காலை வேலைக்காரர் எழுந்து குளிப்பார்கள், இரவு வேலைக்காரர் வந்து குளிப்பார்கள், இடையில் கோயிலுக்குப் போகிறவர்கள் குளிப்பார்கள். சமையல் மூலையில் ஒரு ரப்பர் குழாயைப் பூட்டி, இரவே பெரிய வாளிகளை நிரப்பி வைத்து, கிணற்றடியில் நிற்பது போலத் தலையில் ஊற்றுவார்கள். ஊற்றுகிற சத்தம் என் கூரையில் கேட்கும். கூரையில் மூன்று இடத்தில் பச்சை பூத்திருந்தது. நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அரிசியை நாலு தண்ணீரில் கழுவுகிறவள், வெள்ளிக்கிழமை தலைமுழுகாவிட்டால் உடம்பே தன்னுடையதில்லை என்று நினைக்கிறவள். குளிப்பதை நாங்கள் செலவென்று நினைப்பதேயில்லை. அது எங்கள் பெருமை. வெள்ளைக்காரன் குளிக்க மாட்டான், சென்ட் பூசுவான் என்று மேத்ரோ ரயிலில் மூக்கைப் பொத்துகிற ஆட்கள் நாங்கள். ஆகவே தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தபோது எங்கள் வாளி எங்கள் கண்ணில் படவேயில்லை.

அவள் எப்படிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள் என்று எனக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு குவளை. சின்னதிலிருந்து தொடங்குவாள். துணியை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்து, கடைசியில் ஒரு குவளை மேலே ஊற்றுவாள். பேசினில் சேர்ந்த தண்ணீரால் நிலத்தைத் துடைப்பாள். மிச்சத்தை எங்கள் மாடி நடையின் முடிவில் இருந்த பொதுக் கழிப்பறையில் ஊற்றுவாள். அவளுடைய ஹர்கெய்சா நகரத்தில் தண்ணீர் லொறியில் வந்து பீப்பாயில் இறங்கும், பீப்பாய் முடிந்தால் முடிந்ததுதான். எங்கள் வீட்டுக் குழாய் சும்மா ஓடுவதைக் கண்டால் அவள் கை தானாகப் போய் மூடும். விருந்தாளியாய் வந்த வீட்டில் அப்படிச் செய்தோமே என்று பிறகு வெட்கப்படுவாள்.

இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். "மேலை ஒன்பது பேர் ஊத்துறியள், உங்களைக் கேக்க ஆளில்லையோ?" என்று அண்ணையைப் பார்த்துக் கேட்டேன்.

"தங்கச்சி, நாங்கள் வேலைக்குப் போற ஆக்கள். குளிக்காமல் போகேலுமோ? அவள் சும்மா இருந்து பெத்துத் தள்ளுறாள், அதோடை இதை ஒப்பிடுறியள்" என்றார் அவர். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மெசியே, அவளுடைய அறைச் சொந்தக்காரனுக்கு அறிவித்து, சமூக சேவை அலுவலகத்துக்கும் சொல்லிவிடுவதென்று முடித்தார். கூட்டம் கலைந்தது.

இதே அண்ணை, அதே வருடம் தைப்பொங்கல் விழாவில் மேடையில் மைக் பிடித்துப் பேசியவர். "எங்கடை சனம் அங்கை செத்துக்கொண்டிருக்குது. இஞ்சை இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் நாலைஞ்சு பிள்ளையெண்டாலும் பெறவேணும். ஒண்டோடை நிப்பாட்டுறது இனத்துக்குச் செய்யிற துரோகம்" என்றார். சொல்லிவிட்டு, ஒரே மகளை மடியில் வைத்திருந்த என்னைப் பார்த்தார், கூட்டமும் பார்த்தது. எனக்கு ஏன் ஒரு பிள்ளை என்பது எனக்கும் என் கணவருக்கும் உள்ள விஷயம். அதில் மேடைக்கு என்ன வேலை? ஒரு வாய், இரண்டு பேச்சு. குண்டுக்குத் தப்பி வந்த எங்களுக்குப் பிள்ளை பெறுவது கடமை, குண்டுக்குத் தப்பி வந்த அவளுக்குப் பிள்ளை பெறுவது அசிங்கம்.

இனித்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும், அன்றைக்குப் படிக்கட்டடியில் நான் சொல்லாமல் விட்டதை. அந்த ஆறில் அவள் பெற்றது மூன்றுதான்.

மற்ற மூன்றும் அவளுடைய அக்காவின் பிள்ளைகள். ஹர்கெய்சாவை அவர்களுடைய சொந்த நாட்டு விமானங்களே குண்டு போட்டு இடித்தபோது அக்கா செத்துப்போனாள், அக்காவின் கணவனும் போனான். இவளுடைய கணவனைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனது. இவள் ஆறையும் கூட்டிக்கொண்டு நடந்தும் லொறியிலுமாக எல்லையைக் கடந்து, ஜிபூத்திக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தாள். வழியில் அவளுக்கு உதவியவர்கள் ஒரு புத்தி சொன்னார்கள். ஆறும் நான் பெற்றது என்று சொல், இல்லாவிட்டால் மூன்றைப் பிரித்து அனாதை விடுதியில் விட்டுவிடுவார்கள். சொன்னாள். ஒரே உயரத்தில் இருந்த இரண்டு பையன்கள், ஒன்று இவளுடையது மற்றது அக்காவுடையது, இரட்டையர் ஆனார்கள். ஜாடையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எனக்கு இது தெரியவந்தது அந்தக் கூட்டத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாள், பிள்ளைகள் என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவளுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம், எனக்கு யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த ஆங்கிலம், இரண்டுக்கும் பிரெஞ்சுக்காரன் காதில் மதிப்பில்லை. கடைக்குட்டிப் பெண் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு "ஹபர்யர்!" என்று கத்திக்கொண்டு அவளிடம் ஓடியது. அது என்ன சொல் என்று சும்மா கேட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொன்னாள். அம்மாவின் சகோதரியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், சின்ன அம்மா என்று அர்த்தமாம்.

நான் சிரித்துவிட்டேன். எங்களுக்கும் அவள் சின்னம்மாதானே? அம்மாவின் தங்கை பெற்றதை நாங்கள் தம்பி, தங்கை என்றுதானே சொல்கிறோம்? அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் மூத்த பிள்ளைகள் இருவருக்கும் வெளியில் அம்மா என்று கூப்பிடப் பழக்கிவிட்டாளாம். சின்னதுக்குத்தான் வாயில் வரவில்லையாம்.

"எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் இந்த ஆறையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்புவார்கள்" என்றாள். "நாங்கள் நிறையப் பெறுகிறவர்கள்தான், பொய் சொல்லவில்லை. என் அம்மா எட்டுப் பெற்றாள். ஆனால் ஒரு பிள்ளை இரண்டு வருடம் பால் குடித்து முடிக்காமல் அடுத்தது வராது. இப்படி நெருக்கி நெருக்கிப் பெற்றிருந்தால் என் ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

ஆக, படிக்கட்டு மாதிரி நிற்கிறார்கள் என்று அண்ணை சிரித்தாரே, அவர்கள் ஒரு தாயின் பிள்ளைகள் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஜிபூத்தியில் மூன்று வருடம் இருந்த மெசியேவுக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரியாதது போகட்டும். எங்களுக்கு என்ன வந்தது? ஐந்தாம் மாடியில் இருந்த ஒன்பது பேரில் சொந்தப் பெயரில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அங்கேயும் மற்ற மாடிகளிலுமாகத் தம்பி என்று வந்தவர் மருமகன், மனைவி என்று வந்தவள் மச்சாள், வயதைக் குறைத்தவர், ஊரை மாற்றியவர். அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. உயிர் தப்ப வந்த சனம் உறவை மாற்றிச் சொல்லும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னதை மட்டும் நாங்கள் எழுத்துக்கு எழுத்து நம்பினோம். அவள் சோமாலியாக்காரி, அவளுக்குப் பெறத்தான் தெரியும் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்ததால் நம்பினோம்.

படிக்கட்டடியில் நான் இதைச் சொல்லியிருந்தால் எல்லார் வாயும் அடைத்திருக்கும். கூடவே அக்காவின் மூன்று பிள்ளைகளும் விடுதிக்குப் போயிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

முறைப்பாடு போய்ச் சில நாளில், ஒரு காலை, அஸிஸ்தாந்த் சோசியால் வந்தாள். சமூக சேவை அலுவலகத்துப் பெண். இளம் வயது, நல்ல சிரிப்பு, பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய மிட்டாய். மொழி பெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்க் கதவுக்குள் வந்ததும் அஸிஸ்தாந்த் நேரே போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். இருமியது.

"தண்ணீர் இல்லாத அறையில் ஆறு பிள்ளைகளை வைத்திருக்கிறீர்களா?" என்றாள்.

இதை என்னவென்று சொல்வது? கட்டடத்துக்கு, தண்ணீரையெல்லாம் முடித்தவள் இவள். அரசாங்கத்துக்கு, தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளை வாட வைக்கிறவளும் இவள். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். அஸிஸ்தாந்த் கையைக் காட்டி, மேடம் சொல்வதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்று இனிமையாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி மூலையிலிருந்து "ஹபர்யர்!" என்றது. சோமாலியாக்காரி எட்டி அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்ன சொல்கிறது குழந்தை?"

"அம்மாவைக் கூப்பிடுகிறது" என்றேன். எங்கள் ஊர்க் கணக்கில் அது பொய்யே இல்லை.

அஸிஸ்தாந்த் ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருந்தாள். நகரத்துக்கு வெளியே சார்செலில், அடுக்குமாடித் தொகுதியொன்றில், நாலு அறை வீடு ஒன்று காலியாகிறது. ஆறு பிள்ளைகள் என்றபடியால் இவளுக்குக் கிடைக்கக்கூடும். கேட்ட குடும்பங்கள் நிறைய, முடிவெடுப்பது ஒரு குழு. அந்தக் குழு, மேடம் தன் வருங்காலத்தைப் பற்றி யோசித்திருக்கிறாளா என்று பார்க்கும். ஏழாவது, எட்டாவது என்று வந்தால் அந்த வீடும் போதாதே? பிள்ளை தங்காமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது. வலியில்லை. ஒப்புக்கொண்டால் குழுவிடம் தானே எடுத்துச் சொல்வதாகச் சொன்னாள்.

நிபந்தனை என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை. தேனில் தோய்த்துத்தான் எல்லாம் வந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில், கொழுகொழுவென்று சிரிக்கிற ஒரு குழந்தையின் விளம்பரம். மூன்றாவது பிள்ளை பெறுங்கள், பிரான்சுக்குப் பிள்ளைகள் வேண்டும், அரசாங்கம் கை கொடுக்கும் என்று அந்த வருடங்களில் ஊர் முழுக்கப் பேச்சு. இந்த நாட்டுக்குப் பிள்ளைகள் வேண்டும், இவள் பிள்ளைகள் வேண்டாம்.

"இவளுடைய கணவன் இங்கே இல்லை" என்றேன். "பட்டாளம் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேல். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. ஊசி எதற்கு?"

அஸிஸ்தாந்த் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "வந்துவிடலாம் அல்லவா? அல்லது... வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?"

அந்த "அல்லது" எனக்கு நன்றாகப் புரிந்தது. எழுந்து அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. மொழிபெயர்க்கச் சொன்னார்கள், மொழிபெயர்த்தேன். "அல்லது" என்பதை மட்டும் விட்டுவிட்டேன், அவள் அதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து, அவள் பாயில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என் தாத்தாவுக்கு ஆடுகள் இருந்தன" என்றாள். "கண்ட நேரத்தில் குட்டி பிறந்தால் புல் இருக்காது, தாய்க்குப் பால் இருக்காது, குட்டி சாகும். அதனால் கிடாவுக்குக் கயிறு கட்டிவிடுவார்கள், பெட்டையோடு சேர முடியாதபடி. மழைக்குக் கணக்குப் பார்த்துத்தான் அவிழ்ப்பார்கள். ஆட்டுக்கே யோசித்துச் செய்கிற சனம் நாங்கள். இந்தப் பெண் எனக்குக் கயிறு கட்ட வந்திருக்கிறாள். கிடா எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை."

நானும் சிரித்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓம் என்று சொல்லிவிடு" என்றாள்.

நான் வாதாடினேன். தேவையில்லாத மருந்தை ஏன் உடம்பில் ஏற்ற வேண்டும், வேறு அலுவலகத்துக்குப் போவோம், மேலதிகாரியைப் பார்ப்போம் என்று என் ஆங்கிலம் தீரும்வரை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்து, "மேலதிகாரி வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பேசினால்?" என்றாள். சண்டை பிடித்தால் கிளறுவார்கள், கிளறினால் வெளியே வரும். ஊசி போட்டால் நாலு அறை, ஆறு பேருக்கும் ஒரே கூரை. அவள் இதைக் கணக்குப் பார்க்க அரை நாழிகை கூட எடுக்கவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரூ பஜோல் வழியாக நடந்தோம். கோயிலில் ஏதோ பூசை, மணிச் சத்தம் கேட்டது. தாதி மிக மரியாதையாக நடந்தாள். ஊசியைப் போட்டுவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு, "மேடம் துணிச்சலான பெண், தன் உடம்புக்குத் தானே எஜமானி ஆகிவிட்டாள்" என்று என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னாள். நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்குச் சொல் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

குடும்பக் கட்டுப்பாடு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதே நிலையத்தில் நானும் மாத்திரை வாங்கியவள். கேட்டு வாங்கினேன், என் விருப்பத்துக்கு வாங்கினேன். அந்த வசதி கிடைக்க இந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு சண்டை பிடித்திருப்பார்கள் என்று நன்றியோடு நினைத்ததும் உண்டு. வேண்டுமென்று கேட்ட எனக்கு அது சுதந்திரம். கேட்காதவளுக்கு, வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. இரண்டையும் ஒரே ஊசி என்று சொல்லாதீர்கள்.

ஒரு வாரத்தில் அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. நிற்கவில்லை. சிலருக்கு அப்படி இருக்கும், பழகிவிடும் என்றார்கள் நிலையத்தில். துணியை அந்தக் குவளைத் தண்ணீரில்தான் அலசினாள். முகம் சாம்பலாகிப்போனது. படியேறி வரும்போது ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் அவள் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம், "என்னக்கா, அடுத்ததுக்கு ஆயத்தமோ?" என்று கண்ணடித்தார். அவரை நான் அன்றைக்கு ஏசிய ஏச்சு இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

வீடு கிடைத்தது. குழு ஒரு தடையும் சொல்லவில்லை. போகிற நாளில் கட்டடமே திரண்டு வந்து சாமான் இறக்கியது. அதுதான் எங்கள் ஆட்கள். வாயால் வெட்டுவோம், மெத்தை தூக்க ஓடி வருவோம். அண்ணை பெரிய பெட்டியைத் தோளில் வைத்து இறக்கினார், சாமான் ஏற்ற வானும் அவர்தான் ஏற்பாடு செய்தார். மெசியே வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, அவளுக்கு முன்னால் விரலை ஆட்டி, சிரித்துக்கொண்டே பிரெஞ்சில், "ஆறு போதும், என்ன? இனி வேண்டாம்" என்றார். அந்தளவு பிரெஞ்சு அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. கடைக்குட்டியின் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, "மெர்சி, மெசியே" என்று நன்றி சொன்னாள்.

வான் போனதும் அவர் கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? எடுத்துச் சொன்னா அவங்களும் புரிஞ்சுக்குவாங்க. இனி நமக்கும் தண்ணிப் பிரச்சினை இல்ல."

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்து குழாயைத் திறந்தேன். இருமியது. நூல் மாதிரி ஒழுகியது. எதிர்க் கதவு பூட்டிக் கிடந்தது, அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் திறக்க ஆள் இல்லை. மேலே கூரையில் வாளி ஊற்றுகிற சத்தம் கேட்டது. செவ்வாயும் அப்படித்தான், அந்த வாரம் முழுக்க அப்படித்தான். படிக்கட்டடியில் கூட்டம் போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். மெசியே பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கோட்டில் பதக்கம்.

"மெசியே, இப்பவும் தண்ணி வரேல்லை" என்றேன். "இனி ஆரின்ரை பிள்ளையளை எண்ணப் போறியள்?"

அவருக்கு நான் கேட்டது உறைக்கவில்லை. பதக்கத்தை நேராக்கிக்கொண்டு, அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"அது பைப்பும்மா. உலக யுத்தத்துக்கு முன்னால போட்ட பைப்பு. துரு அடைச்சுக் கிடக்கு, எனக்குத் தெரியும். என்ன பண்றது?"

முதலிலேயே தெரியும் அவருக்கு. நான் திரும்பிப் படியேறினேன். சார்செலில் அவளுக்கு அன்றைக்கும் இரத்தம் நிற்கவில்லை.